வடக்கே சூலம், கிண்டியில் மாப்பிள்ளை

அக்கா, இது வடக்கே போகிற வண்டிதானே? இல்லை இல்லை, சும்மா கேட்டேன். எனக்கே தெரியும். இந்த மெட்ரோவில் எது வடக்கு, எது தெற்கு என்று வண்டி ஓட்டுகிறவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். ஒரே காலையில் அப்படி மேலேயும் கீழேயும் போய் வந்தவள் நான். உட்காருங்கக்கா, பாப்பா என் மடியில் உட்கார்ந்துகொள்வாள். ஏய் ஆதிரை, காலை ஆட்டாதே. பெரியம்மா சேலையில் படுது பார்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? வண்ணாரப்பேட்டையா? நானும் அங்கேதான், பிளவுஸுக்கு லைனிங் துணி எடுக்கப் போகிறேன். அப்படியென்றால் நேரம் இருக்கிறது. உங்களிடம் ஒரு நியாயம் கேட்கிறேன், சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும், என் வீட்டுக்காரர் உள்பட, என்னைத்தான் சொல்கிறார்கள். ‘அன்னிக்கு நடந்த கூத்துக்கெல்லாம் நீதான் காரணம்’ என்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு ஒரு நாத்தனார். முத்துச்செல்வி என்று பெயர். ஆயிரம் விளக்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தங்கமான பெண். வாய் மட்டும் கொஞ்சம். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். நியாயம் இல்லாத இடத்தில் மட்டும்தான் திறப்பாள். இந்த ஊரில் நியாயம் இல்லாத இடம் நிறைய இருக்கிறது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டி கருத்துப் போனது. வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், சட்னி மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்பார்கள். அப்புறம் செல்வியிடம் ஏதாவது கேட்பார்கள். அவள் பதில் சொல்வாள். அவ்வளவுதான், ‘ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்’ என்று எழுந்துவிடுவார்கள். அவர்கள் ஊரே தாம்பரம்தான். எழுந்து நின்று கூப்பிட்டால் கேட்கும்.

கடைசியாக வந்த வரன் கதிரேசன். விம்கோ நகர்ப் பக்கம் வீடு, லாரி ஆபீஸில் வேலை. அவருடைய அம்மா வள்ளித்தாய் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஆள், தூரத்துச் சொந்தம். போட்டோ பிடித்துவிட்டது, ஜாதகம் பொருந்திவிட்டது. நேரில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

செல்வி சொல்லிவிட்டாள்: “இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா இந்த வீட்டுல கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. இனிமே தட்டத் தூக்கிட்டு வந்து பொம்மை மாதிரி நிக்க மாட்டேன். தினம் நான் வேலைக்குப் போறேன்ல, அந்த மாதிரியே மெட்ரோவுல போறேன். பாக்கணும்னா அங்க வந்து பாக்கட்டும்.”

எனக்குப் பகீரென்றது. இதுவும் தவறிப்போனால் அவள் காலம் முழுக்க எங்கள் வீட்டிலேயே, அந்த உள் அறையிலேயே இருந்துவிடுவாள். நான் அறைக்காகச் சொல்லவில்லை, அக்கா. ஆதம்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு கூடம், ஒரு அறை. அறையில் செல்வி. கூடத்தில் நான், வீட்டுக்காரர், பாப்பா, அத்தை, என் தையல் மிஷின். அறையில் கிழக்கு பார்த்த ஜன்னல் இருக்கிறது. மிஷினை அந்த ஜன்னலோரம் போட்டால் விளக்கே போடாமல் ஊசியில் நூல் கோக்கலாம். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை இல்லையா?

அதனால் நான்தான் முன்னே நின்று எல்லாம் பேசினேன். அவர்கள் விம்கோ நகரில் ஏறி சென்ட்ரலுக்கு வந்து ஸ்டேஷன் வாசலில் நிற்பது. நாங்கள் ஆலந்தூரில் ஏறி அங்கே போய்ச் சேர்வது. வாசலில் நின்றபடியே பார்த்துப் பேசிவிட்டு அவரவர் வேலைக்குப் போவது. எவ்வளவு சுருக்கமான ஏற்பாடு! கேசரிக்கு வாங்கும் முந்திரிகூட மிச்சம். வள்ளித்தாய் அம்மாவும் போனில், “கெட்டிக்காரிம்மா நீ” என்றார்.

நாள் குறித்தது எங்கள் அத்தை. ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்று புதன்கிழமையைப் பிடித்துவிட்டார். அன்று காலையில் நான், பாப்பா, அத்தை, செல்வி நாலு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாகிவிட்டது. நாள்காட்டித் தாளைக் கிழித்த அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

“ஏட்டி, இன்னிக்கு வடக்கே சூலம்லா!”

உங்களுக்குத் தெரியாதது இல்லை. சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் புறப்படக் கூடாது. புதனுக்கு வடக்கு. ஆலந்தூரிலிருந்து சென்ட்ரல் நேர் வடக்கு.

“பரிகாரம் பால்னு போட்டிருக்கு அத்தை. ஆளுக்கு ஒரு வாய் பால் குடிச்சிட்டுக் கிளம்புவோம்” என்றேன்.

“பால் குடிக்கிறதெல்லாம் காய்கறி வாங்கப் போறதுக்கு. இது கல்யாண காரியம். நான் வர மாட்டேன்.”

செல்வி கடியாரத்தைப் பார்த்தாள். “அம்மா, எனக்கு லேட்டாகுது. சூலம் உனக்கு, சம்பளம் பிடிக்கிறது எனக்கு.”

இரண்டு பேரும் இப்படி நின்றால் காரியம் நடக்குமா? நான்தான் யோசனை சொன்னேன். எங்கள் ஊரில் சூலத்தன்று வெளியூர் போக வேண்டுமானால் எதிர்த் திசையில் இருக்கிற கண்மாய்க்கரை வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து திரும்பிப் பஸ் ஏறுவோம். புறப்பட்டது தெற்கே என்று கணக்காகிவிடும். சூலத்துக்கு அதற்கு மேல் விசாரிக்கத் தெரியாது. இங்கே கண்மாய் இல்லையென்றால் என்ன, மீனம்பாக்கம் இருக்கிறது. ஆலந்தூரில் ஏறித் தெற்கே மீனம்பாக்கம் போய் இறங்கி, அப்படியே திரும்பி வடக்கே போனால் முடிந்தது.

அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். “என் மருமக படிச்சவ” என்றார். இப்போது அதே வாயால்தான், ‘எல்லாம் இவ யோசனை’ என்கிறார்.

சரி, போனோம். மீனம்பாக்கத்தில் இறங்கி மேல்மாடியிலேயே திரும்பியிருக்கலாம். மண்ணில் கால் பட்டால்தான் புறப்பாடு என்று அத்தை சொல்லிவிட்டார். கீழே இறங்கப் படி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல காரியத்துக்கு வலது காலைத்தான் முதலில் வைக்க வேண்டுமாம். அத்தை வலது காலைத் தூக்குவார், படி ஓடிவிடும். மறுபடி தூக்குவார், அதுவும் ஓடிவிடும். பின்னால் பெட்டியும் கையுமாக ஒரு ஊரே நின்றது. செல்வி அத்தையை இடுப்போடு பிடித்துத் தூக்கி வைத்துவிட்டாள். இரண்டு காலும் ஒன்றாகத்தான் வைத்தார். அதற்கு என்ன பலன் என்று இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

கீழே மண்ணில் நிற்கிறோம், போன் அடிக்கிறது. வள்ளித்தாய் அம்மா.

“சென்ட்ரல் வந்துட்டோம்மா. நீங்க எங்க இருக்கீக?”

“மீனம்பாக்கத்துல இருக்கோம் மதினி.”

“மீனம்பாக்கமா? அது ஏர்போர்ட் பக்கமுல்லா?”

சூலம் என்று சொல்ல முடியுமா? சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் முதல் வார்த்தையாகவா? “ஒரு சின்ன வேலை” என்றேன்.

அந்த அம்மா பதறிவிட்டார். “பொண்ணு வீட்டுக்காரங்கள அலைய விடலாமா? அங்கனயே நில்லுங்க, நாங்க வாரோம்.”

“ஐயையோ, மாப்பிள்ளை வீட்டை அலைய விட்டா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்வாக? நீங்க நில்லுங்க. நாங்கதான் வாரோம்.”

“அட, நீங்க நில்லுங்கம்மா.”

“அதெல்லாம் முடியாது, நீங்க நில்லுங்க.”

கடைசியில் அந்த அம்மா, “சரி” என்றார். நானும், “சரி” என்றேன். இதில் என்ன குழப்பம் இருக்கிறது, சொல்லுங்கள். அவர் சரி என்றால் நிற்கிறார் என்றுதானே அர்த்தம்?

டிக்கெட் எடுத்து ஏறி சென்ட்ரலுக்குப் போனோம். அது ஸ்டேஷனா அக்கா? பூமிக்குள் ஒரு தாலுகா. எந்த வாசல் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அம்புக்குறியை நம்பிப் போனால் இன்னொரு அம்புக்குறிதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் திசை சொல்லிக் கொடுத்திருக்கிறார். சூரியனைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. சுரங்கத்துக்குள் சூரியனுக்கு எங்கே போவது? ஒருவழியாக மேலே ஏறி வாசலுக்கு வந்தால் கதிரேசனையும் காணோம், அவர் அம்மாவையும் காணோம்.

போன் போட்டேன்.

“நாங்க மீனம்பாக்கத்துல நிக்கோம். உங்களத்தான் தேடுறோம்” என்கிறார் வள்ளித்தாய் அம்மா.

“உங்கள நிக்கத்தானே சொன்னேன்?”

“நான்தானே உங்கள நிக்கச் சொன்னேன்?”

செல்வி முகத்தைப் பார்க்க வேண்டுமே. “மதினி, கடை திறந்திருக்கும். நான் போறேன்” என்றாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “கடைசின்னு நீதானடி சொன்ன? கடைசிய ஒழுங்காப் பாத்துட்டுப் போ.”

செல்வி போகவில்லை. அவளுக்கும் உள்ளே ஏதோ இருந்திருக்கிறது. கடைக்குப் போட்டுப் போகிற சுடிதார்தான், ஆனால் அன்றைக்குப் புதுசு. அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

தப்பு எங்கள் பக்கம் என்று இருக்கக் கூடாதே. அதனால், “மதினி, இந்தத் தடவை நிஜமாவே அசையாதீக. நாங்க வாரோம்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்தால்தானே மறுபேச்சு வராது? அந்த அம்மா அதற்குப் பதிலாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை. அதற்குள் வைத்துவிட்டேன்.

மறுபடி மீனம்பாக்கம். அத்தைக்கு மறுபடி அந்த ஓடுகிற படி. கீழே யாரும் இல்லை.

இந்தத் தடவை போனில் வந்தது கதிரேசன். குரல் நிதானமாக இருந்தது.

“அக்கா, நாங்க சென்ட்ரல்ல இருக்கோம். ‘அவங்க வந்தா அலைச்சல், நாம போயிருவோம்’னு அம்மா கிளப்பிட்டாங்க. பரவால்ல. இப்போ ஒண்ணு செய்வோம். நீங்க நாலு பேரும் அங்கயே ஒரு பெஞ்சுல உக்காருங்க. நாங்க வந்துடுறோம். யாரும் எந்திரிக்க வேண்டாம். சரியா?”

“சரி தம்பி” என்றேன். நல்ல பிள்ளை என்று எனக்கு அப்போதே தோன்றியது. பெஞ்சு தேடி உட்காரவும் செய்தோம். நான் சொன்ன சொல் தவறாதவள்.

அத்தைதான் எழுந்தார். “மாப்பிள்ளையே வாய்விட்டு, நான் வாரேன்னு சொல்ற அளவுக்கு உக்காந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? மூணு தடவை அவுகள அலைய விட்டா நாளைக்கு எம் மகள எப்படி மதிப்பாக? பாதி வழியாவது நாம போகணும். ஏறு வண்டியில.”

பெரியவர்கள் பேச்சைத் தட்டலாமா? ஏறினோம். பாதி வழியில் இறங்கிவிட்டு போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாதி வழி எது என்பதில் அத்தைக்கும் எனக்கும் பேச்சு முற்றிப் போனது. அதற்குள் இன்னொன்று வந்துவிட்டது.

ஏர்போர்ட்டில் ஏறியவர்கள் எல்லா இடத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தார். எதிரே முதியவர்களுக்கு என்று எழுதிய இருக்கையில் ஓர் ஆள். நல்ல வாட்டசாட்டம். காதில் பாட்டு, கண் மூடியிருக்கிறது.

“அண்ணே, இது பெரியவங்க சீட்டு” என்றாள் செல்வி.

கண் திறக்கவில்லை.

“செல்வி, விடும்மா. அடக்கமா இரு” என்று அத்தை அவள் துப்பட்டாவை இழுத்தார். காலையிலிருந்தே அத்தைக்கு அந்த ஒரு பயம்தான். ‘மாப்பிள்ளை முன்னாடி வாயத் தொறக்காத, தலையக் குனிஞ்சு நில்லு’ என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்திருந்தார்.

“மாப்பிள்ளை இங்க எங்கம்மா இருக்காரு?” என்ற செல்வி, அந்த ஆள் பக்கம் திரும்பினாள். “அண்ணே, தூங்குற ஆளுக்குக் கட்டைவிரல் மட்டும் தாளம் போடாது.”

ஒரு கண் திறந்தது. “அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிருவேன்மா.”

“அப்போ வாசல்ல போய் நின்னு பழகிக்கோங்க. எங்கம்மா அதுவரைக்கும் உக்காரட்டும்.”

“எம்மா, உனக்கு என்ன இவ்வளவு கோவம்?”

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. செல்வி கையில் இருந்த பையை என்னிடம் கொடுத்தாள். பையைக் கொடுத்தாள் என்றாலே எங்களுக்குத் தெரியும். சுட்டு விரலை நீட்டி ஆரம்பித்தாள் பாருங்கள்! எழுதப் படிக்கத் தெரியுமா, இந்தப் படத்தில் கம்பு ஊன்றிக்கொண்டு நிற்கிறது யாரு, நீங்களா, உங்கள் கம்பு எங்கே என்று. தலையில் அத்தை வைத்துவிட்ட மல்லிகைச் சரம் கழன்று காதுக்குக் கீழே தொங்கிக்கொண்டு, அவள் பேசப் பேச அதுவும் ஆடியது. பெட்டி முழுக்க வேடிக்கை பார்க்கிறது.

வண்டி கிண்டியில் போய் நின்றது.

கிண்டி ஸ்டேஷன் உங்களுக்குத் தெரியும். இரண்டு தண்டவாளமும் நடுவில், பக்கம் பக்கமாக. எதிர் வண்டியும் அதே நேரம் வந்து நின்றால் ஜன்னலுக்கு ஜன்னல் நேராக இருக்கும். கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும், ஆனால் நடுவில் இரண்டு கண்ணாடி. எதிர் வண்டியும் வந்து நின்றது. பாப்பாதான் கண்ணாடியைத் தட்டி, “தாத்தா! போட்டோ தாத்தா!” என்றாள். போட்டோவில் இருக்கிற ஆண்கள் எல்லோரும் அவளுக்குத் தாத்தாதான். திரும்பிப் பார்த்தால் கதிரேசன்! போட்டோவில் பார்த்த அதே முகம், அதே மீசை. கம்பியைப் பிடித்து நிற்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் அம்மாவும் எங்களைப் பார்த்துவிட்டார்.

அத்தை, “மாப்பிள்ளை!” என்று கத்திக் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பக்கம் வள்ளித்தாய் அம்மாவும் கும்பிட்டார். நான் செல்வியின் இரண்டு தோளையும் பிடித்து, போட்டோ எடுக்கும்போது பாப்பாவைத் திருப்புகிற மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோபத்தில் அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியதில் மிச்சத்தை அப்படியே ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். விரலும் அப்படியே நீட்டியிருந்தது. நேராக மாப்பிள்ளை மூக்குக்கு.

கண்ணாடி வழியாகச் சத்தம் போகாது. ஆனால் அவளுடைய வாய் போகும்.

அப்புறம்தான் யாரென்று பார்த்தாள். விரல் அந்தரத்தில் நின்றது. கதிரேசன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அது அதிர்ச்சியா, சிரிப்பா என்று பார்ப்பதற்குள் கதவுகள் மூடி, அவர்கள் வண்டி தெற்கே, எங்கள் வண்டி வடக்கே.

முடிந்தது என்று நினைத்தேன், அக்கா. இனி அந்தக் கூடத்திலேயே காலம் முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு… அதாவது, செல்வியின் வாழ்க்கை இப்படியாகிவிட்டதே என்று நினைத்தேன்.

அத்தை காலி இருக்கையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஆள் எப்போது எழுந்து போனார் என்றே தெரியவில்லை. செல்வி ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். “நல்லதுதான். எப்படி இருப்பேனோ அப்படியே பாத்துட்டாரு” என்றாள். குரல் மட்டும் அவள் குரலாக இல்லை. தொங்கின மல்லிகையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

என் போன் அடித்தது. கதிரேசன்.

நான் விடுவேனா? “தம்பி, தப்பா எடுத்துக்காதீக. அவ எப்பவும் இப்படிக் கிடையாது. சத்தமே கேக்காது வீட்டுல. இன்னிக்கு வெயில்ல அலைஞ்சதுல…”

“ஏசி வண்டிலயா அக்கா?”

“அது வந்து…”

“அக்கா, அத விடுங்க. அந்த ஆள் எந்திரிச்சாரா, இல்லையா?”

“யாரு?”

“அங்க உக்காந்திருந்தாரே. பாதிக் கதையில எங்க வண்டி எடுத்துட்டான். எந்திரிச்சாரா? அவங்க அப்படி என்னதான் சொன்னாங்க?”

அதையெல்லாம் என் வாயால் எப்படிச் சொல்வது? போனைச் செல்வியிடம் நீட்டினேன். அவள் வாங்க மாட்டேன் என்று தலையாட்டினாள். காதில் வைத்து அழுத்திவிட்டேன்.

“ஹலோ” என்றாள். அப்புறம், “எந்திரிச்சுட்டாரு” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “கட்டைவிரல் ஆடுச்சுங்க. தூங்குற ஆளுக்கு எப்படி ஆடும்?” என்றாள். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. சின்னமலை வந்து போனது. செல்வி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நீங்க உக்காந்தா வந்தீங்க, நின்னுக்கிட்டா?” என்று கேட்டாள். ஒரு பெண் மாப்பிள்ளையிடம் கேட்கிற முதல் கேள்வியா இது? அவர் என்ன சொன்னாரோ, “ம்… அம்மாவுக்கு இடம் கொடுத்துட்டா? சரி” என்றாள்.

சின்னமலை தாண்டினால் வண்டி சுரங்கத்துக்குள் இறங்கும், தெரியும்தானே? என் போன் பழைய போன். சுரங்கம் என்றால் அதற்கு உயிர் போய்விடும். பேச்சு நின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் வெளிச்சம்கூட அணைந்துவிட்டது.

செல்வி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சைதாப்பேட்டை போனது, நந்தனம் போனது. கம்பியில் சாய்ந்து நின்று, காதில் போனை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிகிற இருட்டைப் பார்த்து அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வருகிறாள்.

அத்தை என்னை இடித்து, “என்னட்டி சொல்லுதாரு?” என்றார். நான் மெதுவாகப் போய், “செல்வி, லைன் போயிருச்சும்மா” என்றேன்.

“தெரியும் மதினி” என்றாள். எடுக்கவில்லை.

அவள் இறங்க வேண்டிய ஆயிரம் விளக்கு வந்தது. கதவு திறந்தது. லேட்டு லேட்டு என்று காலையிலிருந்து எங்கள் உயிரை எடுத்தவள் அசையவே இல்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது.